துப்பாக்கி, பஞ்சு, நூல்: பம்பாய்ப் பறவை வேட்டையரின் கருவிகளை ஆவணமாக வாசித்தல்

(சற்று நீண்ட பதிவு. பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.)

பழைய வேட்டை நூல்களைப் படிப்போர் பெரும்பாலும் கதையைப் படிக்கின்றனர். கருவிகளைப் பற்றிய பக்கங்களைப் புரட்டித் தள்ளிவிடுகின்றனர். எந்தத் தோட்டா மழைக்காலத்தில் ஊறும், எந்த அளவு ரவை குருவிக்குப் போதும், முகாமில் எறும்பை எப்படித் தடுப்பது என்பன போன்ற செய்திகள் வரலாற்று மாணவருக்கு வெறும் பொழுதுபோக்குப் பேச்சாகத் தோன்றுவது இயல்பே. என் வாதம் இதற்கு நேர்மாறானது. இவ்வகை எழுத்தில் வீரக்கதைகளை நம்பக் கூடாது. கருவிக் குறிப்புகளையே முதலில் நம்ப வேண்டும். இதை நிறுவப் பம்பாயிலிருந்து ஒரு சிறுவனையும் ஓர் ஆந்தையையும் எடுத்துக்கொள்கிறேன்.

சிறுவன் சலீம் அலி. 1896 நவம்பர் 12 அன்று பம்பாயில் பிறந்தவர். மூன்று வயதுக்குள் தந்தையையும் தாயையும் இழந்தமையால் கேத்வாடியில் தாய்மாமன் அமீருத்தீன் தயாப்ஜியின் வீட்டில் வளர்ந்தார். கோடை விடுமுறைகளில் அந்தப் பெரிய குடும்பம் தங்கச் செல்லும் இடங்களுள் ஒன்று செம்பூர். இன்று செம்பூரில் வாழும் தமிழர்களுக்கு இது சற்று வியப்பளிக்கும். பயணிகள் ரயில் 1924-இல்தான் அங்கு வந்தது. டிராம்பே பகுதியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் அணு ஆராய்ச்சி நிலையமும் 1950-களில் எழுந்தன. அதற்கு முன்பு அது மரங்களும் குன்றுகளும் சூழ்ந்த புறநகர்க் கிராமம். 1985-இல் வெளிவந்த 'ஒரு குருவியின் வீழ்ச்சி' என்னும் தன்வரலாற்றில், அந்த விடியற்காலைகளில் கேட்ட குண்டுக்கரிச்சானின் பாட்டைச் சலீம் அலி ஏக்கத்துடன் நினைவுகூர்கிறார். எண்பது வயதைக் கடந்து எழுதியவருக்குச் செம்பூர் என்றவுடன் நினைவுக்கு வந்தது ஒரு பறவையின் குரல் என்பதைக் குறித்துக்கொள்ளலாம்.

ஆனால் அச்சிறுவனை அக்காலத்தில் ஈர்த்தது பாட்டன்று, சுடுதல். அமீருத்தீன் வேட்டையில் பெருவிருப்பம் உடையவர். மருமகனையும் அதில் ஊக்கினார். அக்கம்பக்கத்துச் சிறுவர்களிடையே குறிபார்த்துச் சுடும் போட்டிகள் நடந்தன. அவ்விளையாட்டுத் தோழர்களுள் ஒருவர் தூரத்து உறவினரான இஸ்கந்தர் மிர்சா, நன்றாகக் குறிபார்ப்பவர், பிற்காலத்தில் பாகிஸ்தானின் முதல் குடியரசுத் தலைவர். சிறுவன் சலீமின் கையில் இருந்தது விளையாட்டுக் காற்றுத் துப்பாக்கி. இவ்வகைத் துப்பாக்கிகளுக்குப் பெயர்பெற்ற அமெரிக்காவின் டெய்சி நிறுவனம், தொடக்கத்தில் காற்றாலை செய்த நிறுவனம் என்பது ஒரு சுவையான செய்தி. வாங்கும் உழவர்களை ஈர்க்கக் கொடுத்த துப்பாக்கி காற்றாலையைவிட நன்றாக விற்றமையால், 1895-இல் நிறுவனம் தன் பெயரையே துப்பாக்கியின் பெயருக்கு மாற்றிக்கொண்டது.

இந்தக் கருவியின் ஆற்றல் சிறிது. அதன் வரலாற்றுப் பொருள் பெரிது. உரிமம் இன்றி ஆயுதம் வைத்திருப்பதை 1878-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இந்தியர்களுக்குக் குற்றமாக்கியிருந்தது. ஐரோப்பியர்களுக்கு அந்தத் தடை இல்லை. ஆகவே 1900-களின் பம்பாயில் சுடுதலைப் பொழுதுபோக்காகக் கொண்ட இந்தியக் குடும்பம் என்பது மிகச் சிறிய, வசதி படைத்த, அரசின் நம்பிக்கையைப் பெற்ற ஒரு வட்டம். சலீம் அலியின் திறமையைப் போற்றும் கட்டுரைகள் இதைப் பெரும்பாலும் சொல்வதில்லை. கேத்வாடிக்குச் சில மைல் வடக்கே, தாராவியின் தோல் தொட்டிகளில் கால் நனைத்து நின்ற திருநெல்வேலித் தொழிலாளியின் மகனுக்குக் குருவி நன்கு தெரிந்திருக்கும்; துப்பாக்கி கிட்டியிராது.

இனி முதல் ஆவணம். 1906–07 அளவில், ஏறத்தாழப் பத்து வயதில், சலீம் ஒரு குறிப்பு எழுதிவைத்தார். குதிரை லாயத்தில் ஒரு துளையில் பெண் சிட்டுக்குருவி அடைகாத்துக்கொண்டிருந்தது. வெளியே ஆண்குருவி காவலிருந்தது. லாயத்தில் நின்ற வண்டியின் பின்னால் மறைந்து ஆணைச் சுட்டார். சற்று நேரத்தில் பெண் வேறோர் ஆணைச் சேர்த்துக்கொண்டது, அதுவும் அதே இடத்தில் காவல் நின்றது, அதையும் சுட்டார். ஏழு நாட்களில் அந்த ஒரே இடத்திலிருந்து எட்டு ஆண்குருவிகள். ஒவ்வொரு முறையும் இடத்தை நிரப்ப இன்னொன்று காத்திருந்ததுபோல் வந்தது. ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்குப் பின்னர் இக்குறிப்பு பறவை நோக்குவோருக்கான ஒரு செய்தியிதழில் அச்சாயிற்று.

இதை இரக்கமற்ற சிறுவனின் பெருமையாக மட்டும் வாசிப்பது எளிது. பெருமையும் அதில் உண்டு என்பதை மறைப்பதற்கில்லை. ஆயினும் அக்குறிப்பில் உள்ளவை இடம், நாள் கணக்கு, எண்ணிக்கை, பாலினம், மறைவிடம், நிகழ்வின் வரிசை. குருவி எவ்வளவு பெரியது, குறி எவ்வளவு கடினம் என்னும் வேட்டைக்கதையின் வழக்கமான கூறுகள் இல்லை. சுடுபவனின் சொந்தக் கணக்கே இங்கு நடத்தையியல் தரவாக மாறிவிடுகிறது. இணையை இழந்த பெண்குருவிக்கு இணையற்ற ஆண்கள் அருகிலேயே இருந்தன என்பது எட்டு உடல்களால் நிறுவப்பட்ட செய்தி. இன்றைய ஆய்வு நெறிக்குழு எதுவும் இச்சோதனைக்கு ஒப்புதல் தராது, தரவும் கூடாது.

அடுத்தது பலரும் அறிந்த நிகழ்ச்சி. சுட்ட குருவி ஒன்றின் தொண்டையில் மஞ்சள் திட்டு இருந்தது. வழக்கமான சிட்டுக்குருவி அன்று. ஆகவே உண்ணத் தகுந்ததா என்ற ஐயம் எழுந்தது. மாமனிடம் கொண்டுசென்றார், மாமனுக்கும் தெரியவில்லை. 1908-இல் மாமன் கொடுத்த அறிமுகக் கடிதத்துடன் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் மதிப்புறு செயலாளர் டபிள்யூ. எஸ். மில்லார்டைச் சென்று பார்த்தார். மில்லார்ட் அதை மஞ்சள்தொண்டைச் சிட்டு என்று இனங்கண்டார். இழுப்பறைகளைத் திறந்து பஞ்சடைத்த பறவைகளைக் காட்டினார். நூல்களை இரவல் தந்தார். அவற்றுள் ஒன்று 'ஈஹா' என்னும் புனைபெயரில் எட்வர்ட் ஹாமில்டன் எயிட்கன் 1900-இல் வெளியிட்ட பம்பாயின் சாதாரணப் பறவைகள் பற்றிய நூல். பறவைகளைச் சேகரிக்கவும் பாடம் செய்யவும் கழகத்திலேயே அவருக்குக் கற்பிக்கப்பட்டது.

இந்நிகழ்ச்சியைப் பாடநூல்கள் 'வேட்டைக்காரன் பறவையியலாளன் ஆன கதை' என்று சொல்கின்றன. மனமாற்றக் கதைகளில் நமக்கு நாட்டம் மிகுதி. வால்மீகி முதல் இக்கட்டமைப்பு நமக்குப் பழகியது. ஆனால் இங்கு மனமாற்றம் எதுவும் நிகழவில்லை. சலீம் அலி அதற்குப் பின்னும் பல பத்தாண்டுகள் சுட்டார். 1930-களின் ஐதராபாத், திருவிதாங்கூர்–கொச்சிப் பறவைக் கணக்கெடுப்புகள் துப்பாக்கியால் நடந்தவை. அறிவியலுக்காகச் சேகரிப்பது தேவை என்பதை அவர் இறுதிவரை மறுக்கவில்லை. 1908-இல் மாறியது வேறொன்று: சுட்ட பின் செய்யும் வேலை. அதுவரை சுட்ட பறவை சமையலறைக்குச் சென்றது. இனி மேசைக்குச் சென்றது. வேட்டைக்காரரை நீக்கிவிட்டுப் பறவையியலாளரை மட்டும் மாணவருக்குக் காட்டுவது, கருவியின் வரலாற்றையே நீக்கிவிடுவதாகும்.

அம்மேசையின் மேல் என்ன இருந்தது? இங்கேதான் வேட்டையரின் நடைமுறைக் கருத்துகள் தம் முழுப் பயனையும் காட்டுகின்றன. ஆலன் ஆக்டேவியன் ஹியூம், காங்கிரசைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவராக நாம் அறிந்த அதே ஹியூம், 1874-இல் கல்கத்தாவில் பறவை சேகரிப்போருக்கான ஒரு கையேட்டை வெளியிட்டார். சேகரிப்பது, பதப்படுத்துவது, பொதிவது, பாதுகாப்பது ஆகியவற்றுக்கான நடைமுறை அறிவுரைகளே அதன் பொருள். பின்னர் 1883 செப்டம்பரில் எட்டுப் பேர் கூடித் தொடங்கிய பம்பாய்க் கழகத்தின் இதழிலும் (1886 முதல்) 'பலவகைக் குறிப்புகள்' என்னும் பகுதி இத்தகைய பேச்சுகளால் நிறைந்தது. புலியின் நீளத்தை எப்படி அளப்பது என்பது வேட்டையரிடையே ஓயாத வழக்குகளுள் ஒன்று. உடல் வளைவுகளின் மீது நாடாவைப் படியவிட்டு அளப்பதா, மூக்கு நுனியிலும் வால் நுனியிலும் முளையடித்து இடைவெளியை அளப்பதா? முதல் முறையில் அதே புலி பல அங்குலம் நீண்டுவிடும். எந்த முறையில் அளந்தேன் என்று சொல்லாத வேட்டைக்காரரின் அளவைத் தரவாகக் கொள்ள முடியாது. சிறுபிள்ளைத்தனமான போட்டிபோல் தோன்றும் இவ்விவாதம், உண்மையில் அளவைமுறை பற்றிய விவாதம்.

பறவை சுடுவோரின் கவலைகள் இதைவிட நுட்பமானவை. பெரிய ரவை சிறு பறவையைச் சிதைத்துவிடும். ஆகவே பொடி ரவையும் குறைந்த மருந்தும் வேண்டும். கரிமருந்தின் புகை அடுத்த பறவையை மறைக்கும். காகித உறைத் தோட்டா மழைக்காலத்தில் ஈரம் குடித்துப் பருத்துத் துப்பாக்கியின் அறையில் சிக்கிக்கொள்ளும். கொங்கணத்தில் நான்கு மாத மழையை அறிந்தவர் பித்தளை உறையை ஏன் விரும்பினர் என்பது விளங்கும். பறவை விழுந்தவுடன் அலகிலும் தொண்டையிலும் காயத்திலும் பஞ்சு வைத்து அடைக்க வேண்டும். இல்லையேல் குருதி இறகில் படியும். காகிதக் கூம்பு ஒன்றைச் சுருட்டித் தலைகீழாக உள்ளே செருக வேண்டும். கண், அலகு, கால் ஆகியவற்றின் நிறத்தை அப்போதே எழுதிவிட வேண்டும். சில மணி நேரத்தில் மங்கிவிடும். தோலுரித்து உட்புறம் ஆர்செனிக் சோப்பு பூசிப் பஞ்சு திணித்துத் தைக்க வேண்டும். எறும்பு ஏறாதிருக்க மேசைக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்த வேண்டும். நம் வீடுகளில் இனிப்புப் பாத்திரத்துக்குச் செய்யும் அதே வேலை. இறுதியாக, இரு கால்களையும் சேர்த்து நூலால் கட்டி, இடம், நாள், பாலினம், சேகரித்தவர் பெயர் எழுதிய சீட்டைத் தொங்கவிட வேண்டும்.

வேட்டைப் பரிசுக்கும் அறிவியல் மாதிரிக்கும் உள்ள வேறுபாடு அந்தச் சீட்டு ஒன்றே. சுவரில் மாட்டிய மான்கொம்பு உரிமையாளரின் வாய்மொழியை நம்பி வாழ்கிறது. இழுப்பறைப் பறவை சீட்டை நம்பி வாழ்கிறது.

மொழியியல் மாணவன் என்பதால் இவ்விடத்தில் ஒரு கிளைவழி. 'துப்பாக்கி' துருக்கிய மூலம் உடைய சொல்; பாரசீக, உருது, தெலுங்கு வழிகளில் தெற்கே வந்தது. உப்புமாவுக்குரிய ரவையும் குருவி சுடும் ரவையும் ஒரே சொல்லே. மணி அல்லது துகள் என்பது அடிப்படைப் பொருள். மாட்டுங்காவின் மளிகைக் கடைக்காரருக்கும் ஆயுதக் கடைக்காரருக்கும் இடையே இப்படி ஒரு பொதுச்சொல் உண்டு. சுத்தியல்போல் விழும் உறுப்பைத் தமிழ் 'குதிரை' என்றது. இவற்றுள் 'மருந்து' எனக்கு மிகவும் விருப்பமானது. தமிழில் அது நோய்க்கும் வெடிக்கும் பொது. தெலுங்கில் 'மந்து', கன்னடத்தில் 'மத்து' ஆகியவையும் அவ்வாறே. பாரசீக 'தாரூ' மருந்து. மராத்தியில் 'தாரூ' மதுவும் வெடிமருந்தும். நான்கு மொழிகளில் ஒரே பொருள்விரிவு நிகழ்ந்திருப்பது, சொல்லைக் கடன் வாங்காமல் சொல்லின் பொருளமைப்பை மட்டும் கடன் வாங்கியதற்கு வகுப்பில் காட்டத்தக்க சான்று.

'பாடம் செய்தல்' என்பதையும் சேர்க்கலாம். தோலைப் பதப்படுத்துவதற்குத் தமிழில் வழங்கும் சொல் அது. (கற்கும் 'பாடத்'துடன் இதைச் சொற்பிறப்பால் இணைத்துவிட வேண்டாம்.) பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தாராவியில் தோல் பதனிடும் தொழிலை நிலைநிறுத்தியவர்கள் திருநெல்வேலிப் பகுதித் தமிழ் முஸ்லிம் வணிகர்களும் அவர்களிடம் உழைத்த ஒடுக்கப்பட்ட சாதியினருமே. அதே காலத்தில், அதே நகரின் தென்முனையில், கழகத்தின் அறைகளில் பறவைத் தோல்கள் இழுப்பறைகளில் அடுக்கப்பட்டன. முன்னதன் கைகள் தீட்டு எனப்பட்டன. பின்னதன் கைகள் அறிவியல் எனப்பட்டன. ஆனால் பின்னதிலும் தோலுரித்த கைகள் பல வேளைகளில் துரையின் கைகள் அல்ல. பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்களுடையவை. 1911-இல் கழகம் தொடங்கிய பாலூட்டிகள் கணக்கெடுப்பில் என். ஏ. பாப்டிஸ்டா போன்ற ஒருசிலரின் பெயர்களே நமக்குக் கிடைக்கின்றன. ஜெர்டன் 1862–64-இல் வெளியிட்ட இந்தியப் பறவைகள் நூலில் தமிழ், தெலுங்குப் பெயர்கள் பலவற்றைக் குறித்தார். அவற்றைச் சொன்ன வேட்டையர், பறவை பிடிப்போர் ஆகியோரின் பெயர்களைக் குறிக்கவில்லை. சீட்டில் 'சேகரித்தவர்' என்னும் இடத்தில் துப்பாக்கியின் உரிமையாளர் பெயரே வரும்.

சீட்டு பொய் சொன்னால் என்ன ஆகும்? இங்குதான் நான் முதலில் சொன்ன ஆந்தை வருகிறது.

1873-இல் ஹியூம் மத்திய இந்தியாவின் காடுகளில் வாழும் ஒரு சிறு ஆந்தையை, அதைச் சேகரித்த பிளூவிட் என்பவரின் பெயரால் விவரித்தார். பம்பாய் மாகாணக் குடிமைப் பணி அதிகாரி ஜேம்ஸ் டேவிட்சன் 1880-களில் கான்தேசில் சிலவற்றைச் சுட்டுப் பாடம் செய்தார். 1884-க்குப் பின் அப்பறவை காணப்படவில்லை; ஒரே ஒரு விதிவிலக்கு இருந்தது. கர்னல் ரிச்சர்ட் மைனெர்ட்ஸ்ஹாகன் 1914-இல் குஜராத்தின் மாண்ட்வியில் ஒன்றைச் சுட்டதாகச் சீட்டெழுதி வைத்திருந்தார். இவர் போர்வீரர், உளவாளி, பெருஞ்சேகரிப்பாளர். 1937-இல் சலீம் அலியுடன் ஆப்கானிஸ்தான் சென்றவர். அப்பயணத்தில் தம்மைப் பற்றி அவர் நாட்குறிப்பில் எழுதிய இழிவுரைகளைச் சலீம் அலி தன்வரலாற்றில் தாமே எடுத்துக்காட்டியிருப்பது அவருடைய இயல்புக்குச் சான்று.

1990-களில் அருங்காட்சியக ஆய்வாளர்கள் மைனெர்ட்ஸ்ஹாகனின் மாதிரிகளை ஒவ்வொன்றாகச் சோதித்தனர். பிறர் சேகரித்த பறவைகளைத் திருடி, பழைய சீட்டை அகற்றி, தம் பெயரில் புதுச் சீட்டுக் கட்டியிருக்கிறார் என்பது தெரியவந்தது. ஆந்தையும் அவற்றுள் ஒன்று. பமேலா ராஸ்முசனும் நைஜல் காலரும் அதை ஆராய்ந்தபோது, அது பிரித்து மீண்டும் திணிக்கப்பட்டதைக் கண்டனர். ஆயினும் பழைய பதப்படுத்தலின் எச்சங்கள் டேவிட்சனின் கைப்பழக்கத்துடன் ஒத்திருந்தன. ஒவ்வொரு சேகரிப்பாளரும் தோலைக் கீறும் இடம், பஞ்சைத் திணிக்கும் விதம், தையல் ஆகியவற்றில் கையெழுத்துப்போல் தனித்தன்மை உடையவர்கள். எழுத்து பொய் சொன்னது. பஞ்சும் நூலும் பொய் சொல்லவில்லை.

இதன் விளைவு ஏட்டளவில் நிற்கவில்லை. மாண்ட்விச் சீட்டை நம்பிய தேடல்கள் தவறான இடத்தில் அலைந்திருந்தன. அதை ஒதுக்கிவிட்டு நம்பத்தக்க பழைய சீட்டுகளை மட்டும் பின்பற்றிச் சென்ற ராஸ்முசனும் துணைவர்களும் 1997 நவம்பரில் மகாராஷ்டிரத்தின் ஷஹாதா அருகே அந்த ஆந்தையை உயிருடன் கண்டனர். 113 ஆண்டுகளுக்குப் பின் ஒரு பறவை மீண்டும் உயிரினப் பட்டியலில் சேர்ந்தது. அதன் காட்டைக் காக்க வேண்டும் என்னும் கோரிக்கையும் அதன்பின்னரே பொருள் பெற்றது.

1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் இவ்வகைச் சுடுதல் இங்கு முடிவுக்கு வந்தது. அதை மீட்கச் சொல்பவன் நானல்லன். நான் கேட்பது ஆவணங்களைப் பற்றி. வேட்டைக்காரர் ஒருவரின் பழைய நோட்டு கையில் கிடைத்தால் புலிக்கதையைப் பின்னர்ப் படிக்கலாம். தோட்டா வாங்கிய கணக்கையும், மழையில் நனைந்த பெட்டி பற்றிய முறையீட்டையும், தோலுரிக்க வந்தவருக்குக் கொடுத்த கூலியையும் முதலில் படியுங்கள். பெயர் எழுதப்படாத கைகள் வெளிப்படக்கூடிய இடம் பெரும்பாலும் அந்தக் கூலிக் கணக்குதான்.

இதற்காகவே ஒரு வேண்டுகோள். தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய பகுதிகளில் தோல் பாடம் செய்யும் தொழிலில் இருந்த குடும்பங்களைச் சேர்ந்தோர், அல்லது தமிழகத்தில் நாட்டுத் துப்பாக்கி பழக்கமுள்ள மூத்தோரை அறிந்தோர், அத்தொழில்களின் சொற்களை அவர்கள் உச்சரிக்கும் வடிவிலேயே பின்னூட்டத்தில் எழுதுங்கள். எந்த ஊர் வழக்கு, சொன்னவர் யார் என்பதையும், அவர் இசைந்தால், தவறாமல் சேர்த்து எழுதுங்கள்.